எட்டா, நான்கா

ஒரு காற்புள்ளியைத் திருத்தத்தான் கோப்பைத் திறந்தேன்.
மாலை நாலு பத்து.
கிளாக்ஸ்விக்கில் டிசம்பர் என்றால் அது நடுராத்திரி.
ஜன்னலில் என் முகம், அதற்கு அப்பால் துறைமுக விளக்குகள்,
விளக்குகளுக்கு அப்பால் ஃபியோர்டு இருப்பதாக நம்பிக்கை.

போன வாரம்தான் அந்தப் பிளகினைப் போட்டிருந்தேன்.
சேமிக்கும்போதெல்லாம்
வரிகளின் ஓரத்தைத் தானே நேராக்கிவிடும்.
எனக்குக் கோணல் பிடிக்காது.
கரண்டிகளைக்கூட ஒரே பக்கம் பார்க்க வைப்பவள்.

காற்புள்ளி வைத்தேன். சேமித்தேன்.
கீழ்மூலையில் பச்சையாக ஒரு செய்தி:
ஆயிரத்து நூற்றுப் பதினான்கு வரிகள் சீர் செய்யப்பட்டன.
நான் கேட்கவே இல்லையே.
ஆனால் பார்க்க நன்றாக இருந்தது,
பந்தியில் முழங்கை இடிக்காமல் உட்கார்ந்தவர்கள் மாதிரி.
அனுப்பிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காலை ஏழுக்கு ஹானுஸ் அழைத்தான், தீனிப் படகிலிருந்து.
"நிற்க மாட்டேன் என்கிறது."
எந்தக் கூண்டில்?
"எட்டுக் கூண்டிலும். ஒன்பதாவது மட்டும் சமர்த்தாக நின்றது."
அவன் குரலுக்குப் பின்னால்
குழாய்களில் உருண்டைகள் ஓடும் சத்தம்,
தகரத்தில் ஆலங்கட்டி விழுவதுபோல.
"சால்மன்கள் வாயை மூடிவிட்டன, ரன்வா.
எல்லாம் அடிக்குப் போகிறது."

வரிக்கு வரி எழுதியவர் பெயர் காட்டும்
கட்டளை ஒன்று உண்டு.
அதற்கு வைத்த பெயரே பழி.
தட்டினேன்.

ரன்வா, நேற்று, நாலு பத்து.
ரன்வா, நேற்று, நாலு பத்து.
ரன்வா, நேற்று, நாலு பத்து.

மேலிருந்து கீழ்வரை நான்.
நான் பள்ளியில் படித்தபோது எழுதப்பட்ட வரியும் நான்.
சோஃபா விற்கப் போய்விட்ட ரோய்
மேலாளரைத் திட்டி வைத்த குறிப்பும்
இப்போது நான் திட்டியது.

பிறகுதான் அது கண்ணில் பட்டது.

ஒவ்வொரு கூண்டாக:
        தீனி போடு
        வயிறு நிரம்பியதா பார்
நிறுத்து

மார்யுன் ஸ்பேஸ் தட்டுபவள், எட்டெட்டாக, பொறுமையாக.
ரோய்க்கு டேப், ஒரே அமுக்கு.
அந்தப் பழைய பைத்தானுக்கு இரண்டும் ஒன்றுதான்;
பன்னிரண்டு வருடம் சண்டையில்லாமல் ஓடியது.
என் பிளகினுக்கு டேப் என்றால் நான்கு.
கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அழித்து
கண்ணுக்குத் தெரியாத வேறொன்றை வைத்தது.
ஒரே ஒரு சொல்
சுழலை விட்டுத் தள்ளி வைக்கப்பட்டு
வெளியே நின்றது,
எல்லாம் முடிந்தபின்
கடைசிக் கூண்டின் குழாயை மட்டும் அடைக்க.

மார்யுன் ஈரத் தலையோடு வந்தாள்.
திரையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.
"எட்டா, நான்கா?"
எட்டு.
"எழுதி வை. எடிட்டருக்கு ஜோசியம் தெரியாது."

அமைப்புக் கோப்பில் மூன்று வரி எழுதினேன்.
நேற்றைய நேற்றிலிருந்து மறுபடி நேராக்கினேன்.
அந்த நேராக்கலின் எண்ணை, நாற்பது எழுத்து நீளம்,
கண்டுகொள்ளாதே என்ற பட்டியலில் சேர்த்தேன்.
பழி கலைந்து அவரவர் வீடு திரும்பியது:
மார்யுன், மார்யுன், ரோய், மார்யுன்.
திட்டு ரோயிடமே போய்ச் சேர்ந்தது.
எனக்கு மிஞ்சியது
        ஒரு காற்புள்ளி.

மதியம், இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தில், படகில் போனேன்.
ஒன்றேகால் டன், என்றான் ஹானுஸ். கணக்கு சொல்வதுபோல்தான் சொன்னான்.
கூண்டுக்குக் கீழே கேமராவை இறக்கினான்.
உப்சி மீன்கள், நூற்றுக்கணக்கில்,
யாரும் வளர்க்காதவை,
வலைக்கு வெளியே வயிறு புடைத்து நின்றன.

மறுநாள் எல்லாக் குழாயும் நேரத்துக்கு நின்றது.
ஹானுஸ் ஒரு படம் அனுப்பினான், குறிப்பு எதுவுமில்லாமல்:
அதே கருமுதுகுகள், அதே இடத்தில்,
மேலே பார்த்தபடி.